மூன்று பேருக்குத் தெரிந்த தேதி

செல்டா பெல்ஸ்னருக்கு வாய் நீளம். ஊரார் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். நியூயார்க்கில், பிராங்ஸில் பிறந்து வளர்ந்தவள். அங்கே மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து கறிக்கடைக்காரனோடு கத்திச் சண்டை போட்டால்தான் நல்ல கோழி கிடைக்கும். வாய் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். மிசிசிப்பியில் ஹாலிஸ் ஃபெரி மாதிரி ஓர் ஊரில் அதே வாய் என்ன செய்யும் என்பது அவளுக்கு நாற்பத்தொரு வயதில்தான் புரிந்தது. அதற்கும் தண்டனை அனுபவித்தது வேறு ஆட்கள்.

அவள் புருஷன் இஸ்ஸிக்கு அந்த ஊரில் ஒரு பெரியப்பா இருந்தார், பிள்ளையில்லாதவர். அவர் செத்து, ஷூக்கடையை இவன் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போக, குடும்பம் 1961இல் பெட்டி படுக்கையோடு தெற்கே வந்து இறங்கியது. ஊரில் யூதர்கள் என்று இவர்கள் மூன்று பேர்தான்: இஸ்ஸி, செல்டா, பதினாலு வயது மகள் டெப்ரா. ஜெப ஆலயத்துக்கு அறுபது மைல் தள்ளி நகரத்துக்குப் போக வேண்டும்.

கடையைத் திறந்த முதல் வாரம் ஒரு கறுப்பினப் பெண் உள்ளே வந்தாள். நின்றபடியே கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். தாளில் பென்சிலால் ஒரு பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டிருந்தது.

“இது என்ன?” என்றாள் செல்டா.

“என் காலும்மா.”

“காலைத்தான் கூடவே கூட்டிட்டு வந்திருக்கீங்களே. அதுக்குப் படம் வேறயா?”

கேலி செய்கிறாளா என்று அந்தப் பெண் ஒரு நிமிஷம் பார்த்தாள். “பெரியவர் கடையில இப்படித்தான். எங்க கால் பட்ட ஷூவ வெள்ளைக்காரங்க வாங்க மாட்டாங்க. அளவைக் குடுப்போம், அவர் பெட்டியக் குடுப்பார். கடிச்சாலும் எங்க தலையெழுத்து.”

செல்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. பேர் என்ன?”

“ஒடெஸா.”

“ஒடெஸா, அப்புறம்?”

அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “மிசஸ் ரென்ஃப்ரோ.”

பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு நடத்துகிறவள். புருஷனை இழந்தவள். அந்த ஊரில் எந்த வெள்ளைக்காரரும் அவள் பேருக்கு முன்னால் மிசஸ் போட்டதில்லை. செல்டா போட்டாள். அவளும் பதிலுக்கு மிசஸ் பெல்ஸ்னர் என்றாள். இரண்டு வருஷப் பழக்கத்துக்கு அப்புறமும் இருவரும் அந்த மரியாதையை விடவில்லை.

கறுப்பர்கள் உட்கார்ந்து போட்டுப் பார்த்து ஷூ வாங்குகிற கடை என்று தெரிந்ததும் வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு முறை கண்ணாடியில் பெயிண்டை ஊற்றினார்கள். இஸ்ஸி சுரண்டி எடுத்துக்கொண்டே, “போன தடவையை விட உசத்தி பெயிண்ட். நம்ம அந்தஸ்து கூடுது” என்றான். செல்டா அதோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையின் பின்னறையில், ஷூப்பெட்டிகளுக்கு நடுவே, வாக்காளர் பதிவுக்கு வகுப்பு ஆரம்பித்தாள். கறுப்பர் யாராவது பதியப் போனால் அதிகாரி அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பத்தியைக் காட்டி விளக்கம் எழுதச் சொல்வார். எப்படி எழுதினாலும் தப்பு என்பார். தப்பே சொல்ல முடியாதபடி எழுதப் பழக்குவதுதான் வகுப்பு. அதில் முதல் மாணவி மிசஸ் ரென்ஃப்ரோ. பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். “இந்தக் கதவைத் தாண்டி ஒரு பேர் வெளியே போகாது” என்று செல்டா எல்லார் முன்னாலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருந்தாள்.

1963 மார்ச்சில் பூரிம் பண்டிகை வந்தது. எஸ்தர் ராணி ராஜா முன்னால் துணிந்து வாய் திறந்து தன் ஜனத்தைக் காப்பாற்றிய நாள். நகரத்து ஜெப ஆலயத்தில் பெண்கள் மட்டும் கூடிச் சாப்பிட்டார்கள், செல்டாவோடு பன்னிரண்டு பேர். எல்லாரும் நல்லவர்கள்தான், அங்கே மூன்று தலைமுறையாக அடங்கி வாழ்ந்து பழகியவர்கள். ஒருத்தி இனிமையாக, “செல்டா கண்ணு, நீ என்னைக்காவது பிராங்ஸுக்கே திரும்பிடுவே. நாங்க இங்கேதான் சாகணும். எங்க கட்டடத்துல குண்டு வைக்க வெச்சுடாதே” என்றாள்.

செல்டாவுக்குச் சுருக்கென்றது. “எஸ்தர் கதையை வாசிச்ச வாய் காயல, அதுக்குள்ள இப்படிப் பேசறீங்களே! எங்க ஊர்ல ஒரு டீச்சரம்மா இருக்காங்க, ஒடெஸா ரென்ஃப்ரோ. அவங்களுக்கு இருக்கிற தைரியத்துல கால்வாசி நமக்கு இருக்கா? அடுத்த வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்துல ஏப்ரல் ஒண்ணாம் தேதி கையெழுத்துப் போடறாங்க. கையெழுத்தாயிட்டா வேலையில கை வைக்க முடியாதே, ரெண்டாம் தேதி கோர்ட்டுக்குப் போய் வோட்டுக்குப் பதியப் போறாங்க. அவங்கதான் எஸ்தர். நாம வெறும் தீனி தின்கிற கூட்டம்!”

மேஜை அமைதியாகிவிட்டது. தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து செல்டா இன்னொரு பலகாரத்தை எடுத்துத் தின்றாள்.

யார் யாரிடம் சொன்னார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஒருத்தி புருஷனிடம் கவலையாகச் சொல்லியிருக்கலாம், இன்னொருத்தி முடி திருத்துகிற இடத்தில். ஒன்பதாம் நாள் பள்ளிக்கூட மேலதிகாரி மிசஸ் ரென்ஃப்ரோவைக் கூப்பிட்டு, உனக்கு இனி ஒப்பந்தம் கிடையாது என்றார்.

அன்று சாயங்காலம் அவள் நேரே செல்டாவின் சமையலறைக்குத்தான் வந்தாள். அழவில்லை. தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

“கையெழுத்துப் போட்ட மறுநாளே கோர்ட்டுக்குப் போறதா திட்டமாமேன்னு மேலதிகாரி சிரிச்சார், மிசஸ் பெல்ஸ்னர். தேதியோட சொன்னார். அந்தத் தேதிய நான் மூணு பேருக்குத்தான் சொன்னேன். கடவுளுக்கு, உங்களுக்கு, என் தம்பி லூஷியஸுக்கு. கடவுள் சொல்ல மாட்டார். நீங்க சொல்ல மாட்டீங்க.”

லூஷியஸ் கோர்ட்டுக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிறவன். வெள்ளைக்கார அதிகாரிகள் நடுவே நாள் முழுக்க இருப்பவன். தாய் செத்தபின் ஒடெஸாதான் அவனைத் தூக்கி வளர்த்தாள்.

அந்த நிமிஷம் செல்டா வாயைத் திறந்திருக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் திறக்கிற வாய். அவள் காபி ஊற்றினாள். ஒடெஸாவின் தோளில் கை வைத்தாள். “ஐயோ பாவமே” என்று மட்டும் சொன்னாள். பிறகு ஆறு மாசம் அந்தச் சொல்லை நினைத்து நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

லூஷியஸ் பைபிளில் அடித்துச் சத்தியம் செய்தான். அக்கா நம்பவில்லை. அவன் வீட்டைவிட்டு வெளியேறி, மாட்டுத்தீவன மில்லுக்குப் பின்னால் ஒரு அறையில் போய்த் தங்கினான். சர்ச்சில் அவன் உட்கார்ந்தால் அந்த பெஞ்சு காலியாகிவிடும். பதினாலு வருஷம் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மிசஸ் ரென்ஃப்ரோ, வெள்ளைக்காரர் வீட்டுச் சட்டைகளை வாங்கிவந்து தேய்த்துக் கொடுக்க ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு மட்டும் தவறாமல் வந்தாள். வரும்போதெல்லாம், “நீங்க இல்லேன்னா நான் ஒடஞ்சிருப்பேன்” என்பாள். செல்டாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. பெட்டிகளைச் சரியாக அடுக்குகிற மாதிரி திரும்பிக்கொள்வாள்.

செப்டம்பரில் யூதர்களின் புது வருஷம் பிறந்தது. அன்றிலிருந்து பாவநிவிர்த்தி நாள் வரை பத்து நாளைக்குள் யாருக்கு என்ன தீங்கு செய்தோமோ அவர்களிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மனுஷருக்குச் செய்ததில் கடவுள் தலையிட மாட்டார். அவர்கள் மறுத்தால் மூன்று தடவை கேட்க வேண்டும். செல்டா பிராங்ஸிலிருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள். டெப்ராவிடம், டயரியைப் படித்ததற்குக் கேட்டாள். (“அம்மா! படிச்சியா?” என்று அது புதுச் சண்டையானது.) கடைசியில் இஸ்ஸியிடம் வந்து, பூரிம் சாப்பாட்டு மேஜையில் நடந்ததை முதல் தடவையாகச் சொன்னாள்.

இஸ்ஸி வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். “சொல்லாதே” என்றான்.

“என்னது?”

“நம்ம பெரியவங்களே எழுதிவெச்சிருக்காங்க. சொன்னா எதிராளிக்கு வலிதான் கூடும்னா சொல்ல வேண்டாம், பொதுவா மன்னிப்புக் கேட்டா போதும்னு. நீ இதைச் சொல்லிட்டா செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வருவாங்களா? பத்தொன்பது பேர் செல்டா. மூணு பேர் பதியறதுக்குத் தயாரா இருக்காங்க. உன் மனசு லேசாகறதுக்காக அத்தனையும் நாசமாகணுமா?”

இஸ்ஸி கெட்டவன் இல்லை. பயந்தவனும் இல்லை. அவன் சொன்னது செல்டாவின் காதுக்கு அவ்வளவு சுகமாக இருந்ததுதான் வம்பு.

திங்கட்கிழமை தேன் கேக் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு ஒடெஸாவின் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் கொடி கட்டிச் சட்டைகள் தொங்கின.

“எங்க வழக்கம் இது மிசஸ் ரென்ஃப்ரோ. தெரிஞ்சோ தெரியாமலோ நான் உங்களுக்கு ஏதாவது தீங்கு செஞ்சிருந்தா மன்னிச்சுடுங்க.”

ஒடெஸா இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே சிரித்தாள். “நீங்களா? எனக்கா? சரிதான் போங்க! மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு. கேக்கை வெட்டுங்க, மணம் இழுக்குது.”

அரைத் தெரு தூரம் செல்டாவுக்கு மனசு பஞ்சாக இருந்தது. முனையில் லூஷியஸ் தூக்குச் சட்டியோடு வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தான். எதிரே மூன்று பெண்கள். மூன்று பேரும் செவ்வாய்க்கிழமை மாணவிகள். அவனைக் கண்டதும் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு மறுபக்கம் போனார்கள். ஒருத்தி திரும்பி அவன் காலடியில் துப்பினாள். அதே பெண்கள் செல்டாவிடம் வந்து, “நல்லா இருக்கீங்களா டீச்சர்?” என்று வாய் நிறையச் சிரித்தார்கள். லூஷியஸ் செல்டாவைப் பார்த்துத் தொப்பியை லேசாகத் தொட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்குப் போனதும் அவளுக்குப் புரிந்தது. மன்னிப்பை ஏமாற்றி வாங்கியிருக்கிறாள். பழைய பாவம் வாய் தவறியது என்றால், இது கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போய்ச் செய்தது.

வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கினால் பாவநிவிர்த்தி நாள். அதற்குள் நகரத்து ஜெப ஆலயத்தில் இருக்க வேண்டும். அதற்கப்புறம் அந்த நாள் முடியும்வரை கார் ஓட்டக் கூடாது. அந்த நாளில் தோல் செருப்பு ஆகாது என்பதால் ஷூக்கடைக்காரன் குடும்பமே கான்வாஸ் ஷூவில் காரில் ஏறியது. மணி மூன்றரை. கார் கறுப்பர்கள் தெருவைத் தாண்டும்போது செல்டா, “நிறுத்து இஸ்ஸி” என்றாள்.

“செல்டா, வேண்டாம். பேசி முடிச்சாச்சே.”

“நீ பேசினே, நான் முடிக்கலை. நிறுத்து.”

இறங்கினாள். பின்னால் இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் திரும்பவில்லை.

உள்ளே போய் உட்காராமல் சொன்னாள். பூரிம், பன்னிரண்டு பேர், எஸ்தர், ஏப்ரல் இரண்டாம் தேதி, எல்லாவற்றையும். தன்னைக் காப்பாற்றுகிற ஒரு சொல்கூடக் கலக்காமல் சொல்ல முயன்றாள். ஒடெஸா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“உங்களால வந்ததுன்னு எப்போ தெரிஞ்சுது?”

“நீங்க என் சமையலறையில வந்து உக்காந்தப்பவே.”

“நான் என் தம்பி பேரைச் சொன்னேனே, அப்பவா?”

“அப்பவே.”

ஒடெஸா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். “ஈஸ்டர் அன்னிக்கு வந்தான். புதுச் சட்டை போட்டுட்டு, தொப்பிய கையில வெச்சுட்டு வாசல்ல நின்னான். மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவச் சாத்தினேன். என் கையால சோறு ஊட்டி வளத்தவன்.” பிறகு செல்டாவை நேராகப் பார்த்து, “விருந்துல பேசினதை விடுங்க. எனக்கும் வாய் இருக்கு, அதுவும் உளறியிருக்கு. ஆனா நான் அவனைக் கொன்னுட்டு இருந்தப்ப நீங்க காபி ஊத்திக் குடுத்தீங்க. அதுக்கு என்கிட்ட மன்னிப்பு இல்ல. திங்கக்கிழமை குடுத்ததையும் திருப்பி வாங்கிக்கறேன்.”

“சரி” என்றாள் செல்டா. அழக் கூடாது, அழுதால் இவள்தான் சமாதானப்படுத்த வேண்டிவரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். “நான் கோர்ட்டுக்குப் போறேன். எல்லார் எதிரிலயும் அவர் கால்ல விழுந்து கேக்கறேன்.”

“நில்லுங்க!” ஒடெஸாவின் வகுப்பறைக் குரல் அது. “ஒரு வெள்ளைக்காரி கூட்டிப் பெருக்கறவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறத அந்த அதிகாரிங்க பாத்தா, சாயங்காலத்துக்குள்ள அவன் வேலையும் போகும். உயிரும் போகும். உங்க மனச்சாட்சிக்கு அவனையும் காவு குடுக்கணுமா? அஞ்சு மணிக்குக் கோர்ட்டுக்குப் பின்னால நிலக்கரி இறக்கற கதவு வழியா வெளியே வருவான். நானும் வர்றேன். நான் கேக்க வேண்டியது உங்களோடதைவிடப் பெருசு.”

அவள் தொப்பி போட்டுக்கொண்டாள். சேர்ந்து போனால் கண்ணில் படும் என்று ஒடெஸா முன்னே நடக்க, செல்டா முப்பதடி பின்னால் போனாள். இரண்டு வருஷத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு யாரோ சொன்னபடி செய்தது அன்றுதான்.

லூஷியஸ் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினான். அக்காவைப் பார்த்தான், பின்னால் சுவரோரம் நின்ற செல்டாவைப் பார்த்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டான்.

“சொல்லிட்டாங்களா?” என்றான்.

ஒடெஸாவுக்குப் புரியவில்லை. “உனக்கு... உனக்குத் தெரியுமா?”

“ஏப்ரல்லயே தெரியும். ஷூக்கடைக்காரி விருந்துல அவளே வாய விட்டாளாம்னு பள்ளிக்கூட மேலதிகாரி கோர்ட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். நான் அங்கேதான் பெருக்கிட்டு இருந்தேன். தொடப்பக்கட்டைக்குக் காது இருக்கும்னு அவங்க நெனக்க மாட்டாங்க.”

“ஏன்டா என்கிட்ட சொல்லலே?”

“ஈஸ்டருக்குச் சொல்லத்தானே வந்தேன். நீ கதவத் தொறந்தாத்தானே.” அவன் குரல் உயரவேயில்லை. “அப்புறம் யோசிச்சேன். தெரிஞ்சா வகுப்புக்கு ஒருத்தரும் போக மாட்டாங்க. பத்தொன்பது பேர். சரி, என் தலையோட போகட்டும்னு விட்டுட்டேன்.”

அதே காரணம், அதே பத்தொன்பது. அதைச் சொல்லித்தான் அவளும் இஸ்ஸியும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். இவன் அதைச் சுமந்துகொண்டு தீவன மில் அறையில் தனியாகக் கிடந்திருக்கிறான்.

“நான் செஞ்சது பெரிய பாவம்” என்றாள். சின்னக் குரல்தான் வந்தது. “பேசினதும் பாவம். பேசாம இருந்ததும் பாவம். என்னை மன்னிக்கணும்.”

லூஷியஸ் யோசித்தான். மரியாதைக்காக உடனே சரி என்று சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

“இல்லைங்க” என்றான். “இன்னிக்கு வரலை.”

“எங்க வழக்கத்துல மூணு தடவை கேக்கணும்.”

“அப்போ இன்னும் ரெண்டு இருக்கு.”

ஒடெஸா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். “நான் எத்தனை தடவைடா கேக்கணும்?”

அவன் முகம் அப்போதுதான் கோணியது. “நீ இவங்கள நம்பினே. என்னை நம்பலியேக்கா” என்றான். ஆனால் கையை உதறவில்லை. “ஞாயித்துக்கிழமை சர்ச்சுல என் பக்கத்துல வந்து உக்காரு. எல்லாரும் பாக்கட்டும். மத்தது அப்புறம்.”

“உக்கார்றேன்.” ஒடெஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்டா பக்கம் திரும்பினாள். “நீங்களும் வரணும். பன்னிரண்டு பேர் நடுவுல பேசின வாய், அங்கே இருநூறு பேர் நடுவுல பேசட்டும்.”

“வர்றேன். ஆனா செவ்வாய்க்கிழமை வகுப்பு...”

“வகுப்புக்கு என்ன? உங்க பின்னறை இல்லேன்னா எங்க சர்ச்சுல நடக்கும். சொல்லித்தர எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷம் டீச்சர்.”

அது செல்டாவுக்கு ஒருநாளும் தோன்றியதே இல்லை. அந்த வகுப்பு தான் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்றே ஆறு மாசமும் நம்பிக்கொண்டிருந்தாள். மன்னிப்பு இல்லை என்றதைவிட இது ஆழமாக இறங்கியது.

அக்காவும் தம்பியும் ஒரு கை இடைவெளி விட்டு, ஒரே பக்கமாக நடந்து போனார்கள். செல்டா கான்வாஸ் ஷூவில் எதிர்ப்பக்கம் வீட்டுக்கு நடந்தாள். போய்ச் சேர்வதற்குள் சூரியன் இறங்கிவிட்டது, உபவாசம் ஆரம்பித்துவிட்டது. வீட்டு முன்னால் கார் நின்றிருந்தது. இஸ்ஸியும் டெப்ராவும் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

“போகலியா நீங்க?”

“உன்னை விட்டுட்டு எங்கே போறது?” என்றான் இஸ்ஸி. “என்ன சொன்னாங்க?”

“மன்னிக்கலை. ரெண்டு பேருமே.” அவளும் படியில் உட்கார்ந்தாள். “ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லார் முன்னாலயும் சொல்லணும்.”

“சர்ச்சுலயா?” டெப்ரா வாய் பிளந்தாள். “நாமளா?”

“நான் மட்டும்.”

இஸ்ஸி கண்ணாடியைக் கழற்றினான், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான். “நானும் வர்றேன்” என்றான். “சொல்லாதேன்னு சொன்னவன் நான்தானே.”